அம்மா அளவெடுத்து வாங்கிய துவக்கு

அம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த மலரில் தேவாரம் இருக்கிறது, அம்மாவின் படம் இருக்கிறது, ஒரு துவக்கும், துப்பாக்கிதான், இருக்கிறது. "மலர் எண்டால் சாமியறையில வைக்கிற சாமான். அதில உந்தத் துவக்குக் கதையை எழுதாதை பிள்ளை" என்று சிலர் தொலைபேசியில் கேட்டுக்கொண்டார்கள். அன்பாகத்தான் கேட்டார்கள். ஆனால் அந்தத் துவக்கை விட்டுவிட்டு எழுதினால் அது வேறு யாரோ ஒரு பெண்மணியின் வாழ்க்கை வரலாறாகிவிடும். ஆகவே எழுதுகிறேன்.

அம்மா வடமராட்சியில் கரவெட்டி மண்ணில் பிறந்தவர். பெண்பிள்ளைகள் நிறைந்த வீட்டில் நடுப்பிள்ளை. படிப்பில் கெட்டிக்காரியாக இருந்தும் வீட்டு நிலைமையால் தையலுக்கு அனுப்பப்பட்டார். ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் வெள்ளைச் சீருடைகளில் பாதி அம்மாவின் மெஷினில் தைத்தவை என்று பெரியம்மா இன்றும் பெருமையாகச் சொல்லுவார். அப்பாவைக் கைப்பிடித்த பிறகும் மெஷின் நிற்கவில்லை. எனக்குப் பால்பல் விழும் முன்பே அப்பா டென்மார்க்குக்குப் புறப்பட்டார். இங்கே அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டதும் எங்கள் இருவரையும் அழைக்க விண்ணப்பம் போட்டார்.

அந்த விண்ணப்பத்துக்கு என்ன நடந்தது என்று இந்த நாட்டில் வாழும் தமிழர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வெளிநாடுகளிலிருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். தமிழ் அகதிகளின் மனைவி, பிள்ளைகளை அழைக்கும் விண்ணப்பங்கள், சட்டப்படி உரிமை இருந்தும், வேண்டுமென்றே எடுத்துப் பார்க்கப்படாமல் கிடப்பில் போடப்பட்டிருந்தன. பின்னாளில் அது விசாரணைக்கு வந்து 'தமிழர் வழக்கு' என்று பெயர் பெற்றது. நாங்கள் அப்போது அதை வழக்கென்று அறியோம். அப்பா தான் குடியிருந்த பிராண்டே என்ற சிற்றூரிலிருந்து "இன்னும் கொஞ்சம் பொறு" என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதினார். அம்மா பொறுத்தார். வடமராட்சியில் ஆமி இறங்கிய நாட்களில், ஷெல் விழ விழ, என்னை வயிற்றோடு அமுக்கிக்கொண்டு கோயில் மண்டபத்தில் கிடந்தபோதும் பொறுத்தார். எங்கள் அருகில் கிடந்தவர்களில் சிலர் எழும்பவில்லை. அதற்குமேல் இங்கே எழுத நான் விரும்பவில்லை.

ஒருவழியாக வந்து சேர்ந்தோம். பிராண்டேயில் தையல் தொழிற்சாலை ஒன்றில் அம்மாவுக்கு வேலை கிடைத்தது. வீடு சூடாக இருந்தது. கடையில் பால் இருந்தது. ஆனால் நான் சரியாக வந்து சேரவில்லை. புதுவருடத்து வாணங்கள் வெடித்தபோது உடுப்பு அலுமாரிக்குள் போய் இருந்துகொண்டேன். இழுத்தெடுக்க அப்பாவாலும் முடியவில்லை. வகுப்பில் ஒரு பொடியன் கடதாசிப் பையை ஊதி உடைத்ததும் எல்லோர் முன்னிலும் பாவாடையை நனைத்துவிட்டேன். கதவு அடித்துச் சாத்தினாலே உடம்பு விறைத்துப்போகும். பள்ளிக்கூடத்தில் நல்ல மனதோடு ஆலோசனை சொன்னார்கள்: காலம் எடுக்கும், காத்திருங்கள் என்று. டெனிஷ் மொழியில் அம்மா முதலில் கற்ற சொற்களில் அந்தக் 'காத்திரு' ஒன்று. அதைக் கேட்டாலே அம்மாவின் முகம் மாறிவிடும்.

தொழிற்சாலையில் அம்மாவுக்குப் பக்கத்து மெஷினில் இருந்த டெனிஷ் பெண்மணி, தன் மகள் கிழமையில் ஒருநாள் குறிசூட்டுக் கழகத்துக்குப் போவதாகச் சொன்னார். இந்நாட்டில் அது உதைபந்தாட்டம் போல ஒரு பொழுதுபோக்கு. விளையாட்டு மண்டபத்தின் கீழ்த்தளத்தில் பாயில் படுத்து, சின்னக் குண்டு, அதாவது ரவை, போடும் துவக்கால் கடதாசி வட்டத்தைச் சுடுவார்கள். அம்மா எங்களிடம் ஒன்றும் சொல்லாமல் தனியே போய்ப் பார்த்தார். அங்கே பிள்ளைகளைப் பழக்கிய பவுல் என்பவர் விளையாட்டாக, "நீங்களும் சுட்டுப் பார்க்கிறீர்களா?" என்று கேட்டிருக்கிறார். அம்மா குளிர்கோட்டோடு அந்தப் பாயில் குப்புறப் படுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"திறந்து காட்டுறாங்களப்பா. உள்ளுக்கு ஒண்டும் இல்லை எண்டு பாத்துப்போட்டுத்தான் கையில தாறாங்கள். இவள் இதைப் பாக்க வேணும்."

"விசர்க் கதை கதைக்காதையும். சத்தத்துக்கே சாகிற பிள்ளை."

"அதுக்குத்தான் சொல்லுறன். சத்தம் எங்கயிருந்து வருது எண்டு அவளுக்குத் தெரியவேணும். அவளின்ர விரல் அமத்தினால்தான் வரும் எண்டு தெரியவேணும்."

பல கிழமைகள் நான் அந்த மண்டபத்தின் படிக்கட்டில், காதுமூடியைப் போட்டுக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொண்டு இருந்தேன். அம்மா பக்கத்தில் இருந்து கழகத்துப் பிள்ளைகளின் சட்டைகளுக்கு முழங்கைத் தோல் வைத்துத் தைத்துக்கொடுத்தார். பிறகு ஒருநாள் வெறுந்துவக்கைத் தொடுவதற்கு ஒத்துக்கொண்டேன். அதுவோ ஆறடி மனிதர்களுக்கு அளவாகச் செய்தது. என்னால் தூக்கவே முடியவில்லை. பவுல் தலையைச் சொறிந்துகொண்டு, அடுத்த வருடம் வளர்ந்துவிடுவாள், காத்திருக்கலாம் என்றார்.

"காத்திருந்தது காணும், பவுல் அண்ணை," என்றார் அம்மா தமிழிலேயே. அந்த மனிதருக்கு எப்படியோ விளங்கிவிட்டது. சின்னப் பிள்ளைகளுக்கென்று ஒரு துவக்கு வாங்கக் கழகத்திடம் கொஞ்சக் காசுதான் இருந்தது. தைத்த சட்டைகளுக்குக் கூலி வேண்டாம், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், தெரிவு செய்யும்போது நானும் வருவேன் என்று அம்மா நிபந்தனை போட்டார். மூவருமாகப் பக்கத்து நகரமான வைலேயில் உள்ள துவக்குக் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் முதலில் பளபளப்பான புதிய துவக்கைக் காட்டினார். பவுல் விலையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். அடுத்து, பல ரவைகளை ஒன்றாகப் போட்டுத் தொடர்ந்து சுடக்கூடிய ஒன்றைக் காட்டினார். விலையும் மலிவு. அம்மா ஒரு அடி பின்வாங்கியதை நான் கண்டேன்.

"நிப்பாட்டாமல் சுடுற சாமான் எங்களுக்கு வேண்டாம் எண்டு சொல்லு பிள்ளை. நாங்கள் அதைக் கேட்டு முடிச்சிட்டம். ஒரு ரவை போட்டு, சுட்டு, திறந்து, வெறும் எண்டு கண்ணால பாத்துத்தான் அடுத்ததைப் போடவேணும். அப்பிடி ஒண்டு காட்டச் சொல்லு."

நான் டெனிஷில் சொன்னேன். தொடங்குகிற பிள்ளைக்கு அதுதான் சரி என்று பவுலும் தலையாட்டினார். தூரத்தைக் கிட்டக் காட்டும் கண்ணாடிக் குழாய் வேண்டாம், அது விலையைத்தான் கூட்டும், துளை வழியே வெறுங்கண்ணால் பார்த்துப் பழகட்டும் என்றார். கடைக்காரர் பின்னறைக்குப் போய், யாரோ பாவித்துக் கொடுத்த பழைய ஒற்றை ரவைத் துவக்குகள் இரண்டைக் கொண்டுவந்தார். ஒன்று குட்டை, மற்றது கொஞ்சம் நெட்டை. இரண்டும் பாரம் குறைவு, கழகத்தின் காசுக்குள் அடங்குபவை.

அம்மா கைப்பையிலிருந்து அளவுநாடாவை எடுத்தார். பவுல் காட்டிய முறைப்படி, என் முழங்கை மடிப்பிலிருந்து சுட்டுவிரல் வரை அளந்தார். விசையிலிருந்து, தோளில் வைக்கும் மரப் பகுதியான சோங்கின் நுனிவரை துவக்கையும் அளந்தார். குட்டையானது எனக்கென்றே அளவெடுத்துச் செய்தாற்போல் இருந்தது. பிறகு அம்மா நெட்டையானதை எடுத்தார்.

"அது அவளுக்கு நீளம்," என்றார் பவுல்.

"வளர்ற பிள்ளை. நாங்கள் வளர்த்திக்கு விட்டுத்தான் எடுக்கிறது. இன்னும் ரெண்டு மூண்டு வருசத்துக்குக் காணும்."

இதை வாசிக்கும் எங்கள் தாய்மார் எவரும் சிரிக்க வேண்டாம். நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள். அன்று நான் போட்டிருந்த கோட்டின் கை என் விரல் நுனியையும் தாண்டித் தொங்கியது.

மண்டபத்தில் படுத்துப் பார்த்தபோது குட்டு வெளிப்பட்டது. கன்னத்தைச் சோங்கில் வைத்தால் கண் துளைக்கு எட்டவில்லை. கண்ணை வைத்தால் விரல் விசைக்கு எட்டவில்லை. கொக்குப் போலக் கழுத்தை நீட்டி நீட்டிக் களைத்து, அழுதுகொண்டு மறுபடி படிக்கட்டில் போய் இருந்தேன். அம்மா அளவுநாடாவை மறுபடி கையில் எடுத்தார். பிறகு, "என்ர பிழைதான்" என்றார். பவுல் ஆறுதலாக, பரவாயில்லை, அடுத்த வருடம் அளவாகிவிடும், காத்திருக்கலாம் என்றார்.

அதற்கு அம்மா என்னை மொழிபெயர்க்கச் சொன்ன பதில் இதுதான்: "துணி நீளமெண்டால் மடிச்சுத் தைக்கிறது. மரம் நீளமெண்டால் அறுக்கிறது. அறுத்த துண்டுகளை வைச்சிருப்பம். பிள்ளை வளர வளர ஒவ்வொண்டாய் ஆணி போட்டுப் பூட்டிவிடலாம்."

கழகத்துப் பெரியவர்களுக்கு அது சம்மதமில்லை. நல்ல மரத்தை யாராவது வாளால் அறுப்பார்களா என்று முணுமுணுத்தார்கள். அம்மா அசையவில்லை. ஒரு சனிக்கிழமை பவுலின் வாகனக் கொட்டகையில், நாடாவால் அம்மா குறித்துக்கொடுத்த இடங்களில், பவுலே அறுத்தார்.

அறுத்த சோங்குக்குப் பூசிய வார்னிஷ் காயும் முன்பே செய்தி பரவிவிட்டது. நாட்டின் மறுகோடியில் டோஸ்ட்ருப்பில் இருந்த சித்தப்பா, அப்பாவின் தம்பி, ரயிலேறி வந்தார். தமிழர் வழக்கு தொலைக்காட்சியில் நாள் தவறாமல் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. பள்ளிக்கூடத்தில் ஒரு சிநேகிதி என்னிடம், "நீ அந்தத் தமிழர் வழக்கா?" என்று கேட்டிருந்தாள். "வழக்கு இல்லை, ஆள் எண்டு சொல்லு" என்று அம்மா சொல்லிக்கொடுத்திருந்தார்.

சித்தப்பா தேத்தண்ணியைக் கையில் எடுக்கவில்லை.

"அண்ணி, நாடு முழுக்க எங்களைத்தான் பாத்துக்கொண்டிருக்குது. இப்பதான் எங்களுக்காக நாலு பேர் நியாயம் கதைக்கிறாங்கள். தமிழ்ப் பிள்ளை துவக்கோட நிக்கிற படம் ஒண்டு பேப்பரில வந்தால் என்ன எழுதுவாங்கள்? ஊரில பிள்ளையள் துவக்குத் தூக்கிச் சாகுதுகள். நீங்கள் இஞ்ச காசு குடுத்துப் பழக்கிறியள்."

"ஊரில துவக்கு பிள்ளையளைத் தேடி வந்தது, தம்பி. இவளையும் தேடி வந்தது. இன்னும் விட்டுப் போகேல்லை. நீங்கள் அந்த அலுமாரிக்குள்ள ஒருக்கால் வந்து பாருங்கோ."

"கொஞ்சக் காலம் பொறுங்கோ எண்டுதான் சொல்லுறன். வழக்கு முடியட்டும்."

"நல்ல பிள்ளையளாய் வாய் பொத்திப் பொறுத்தம். அதுக்கு என்ன தந்தவங்கள்? ஷெல்லுக்குள்ள கிடந்து பொறுத்த நான், பேப்பர்காரனுக்குப் பயந்து என்ர பிள்ளையைப் பொறுக்கச் சொல்லமாட்டன்."

சித்தப்பா அப்பாவைப் பார்த்தார். "அண்ணை, நீங்களாவது ஒரு முடிவு சொல்லுங்கோ."

அப்பா தேத்தண்ணிக் கோப்பையைத் தம்பியின் பக்கம் நகர்த்தினார். "அவவைப் பொறு எண்டு சொல்ல எனக்கு இனி வாயில்லையடா," என்றார். சித்தப்பா அன்றே திரும்பிப் போனார். அடுத்த தைப்பொங்கலுக்கும் வரவில்லை. அது அம்மாவுக்கு வலித்தது. வலித்தும் மாறவில்லை.

அறுத்த துவக்கு என் கைக்குச் சரியாக வந்தது. பாயில் படுத்தேன். பவுல் பின்பக்கத்தைத் திறந்து காட்டினார், வெறும். ஒரு ரவையை என் உள்ளங்கையில் வைத்தார். சுண்டுவிரல் நகத்தளவு அகலம். நானே போட்டேன், நானே பூட்டினேன். அம்மா பக்கத்துப் பாயில் என் முகத்துக்கு நேரே படுத்திருந்தார். நான் அமத்தினேன். சத்தம் வந்தது, நின்றது. நான் அமத்தியதால் வந்தது, அமத்தாததால் மறுபடி வரவில்லை. திறந்து பார்த்தேன்.

"வெறும், அம்மா."

அம்மா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் தோள்கள் குலுங்கின. பிறகு திரும்பாமலே, "இன்னொண்டு போடு" என்றார்.

நான் பெரிய சூட்டு வீராங்கனை ஆகவில்லை. பதக்கமென்று வீட்டில் ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் வெண்கலம். ஆனால் அடுத்த புதுவருடத்துக்கு அலுமாரிக்குள் போகவில்லை. யன்னலடியில் அம்மாவின் சேலைத்தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நடுங்கினேன், நின்றேன். அதற்கடுத்த வருடம் தலைப்பும் தேவைப்படவில்லை. சோங்கின் துண்டுகள் ஒவ்வொன்றாகத் திரும்ப ஏறின. பிறகு வேறு குட்டிப் பிள்ளைகளுக்காகக் கழற்றப்பட்டன. அவர்களில் சித்தப்பாவின் இளைய மகளும் ஒருத்தி. கோடை விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவள், தானும் பழகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். சித்தப்பா தானே மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்து விட்டார்.

விசாரணை முடிந்து அரசாங்கமே பதவி விலகிய செய்தியைத் தொலைக்காட்சியில் சொன்னபோது அம்மா யாருக்கோ முழங்கைத் தோல் தைத்துக்கொண்டிருந்தார். "இப்பதான் விளங்கினதாமோ?" என்று கேட்டுவிட்டு நூலைக் கடித்தார்.

அம்மாவுக்குத் துவக்கில் ஆசை என்று சிலர் இன்றும் சொல்கிறார்கள். முதல்நாள் அந்தப் பாயில் சுட்டதற்குப் பிறகு அம்மா தன் வாழ்நாளில் ஒருமுறையும் சுடவில்லை. அம்மாவுக்கு ஆசை என்மீதுதான்.

கடைசி மாதங்களை வைலே ஆஸ்பத்திரியிலும் வீட்டிலுமாகக் கழித்தார். சாப்பாடு குறைந்தது, வாய் குறையவில்லை. சித்தப்பா கட்டிலருகே இருந்து பழைய கதைகள் கதைத்துக்கொண்டிருந்தவர், ஒருநாள் பாதி பகிடியாகக் கேட்டார்: "இப்பவாவது சொல்லுங்கோ அண்ணி. அந்த வயசில பிள்ளையின்ர கையில துவக்கைக் குடுத்தது பிழைதானே?"

அம்மா கண்ணைத் திறந்தார். "ஓம் தம்பி, பிழைதான். ஒரு வருசம் முந்திக் குடுத்திருக்க வேணும்."

சித்தப்பா சிரித்தார். சிரித்தபடியே கண்ணைத் துடைத்தார்.

இனி நன்றி. அம்மாவைத் தங்கள் தாயைப் போலப் பார்த்த தாதியருக்கும், இரவு பகல் பாராமல் காரோட்டிய மைத்துனர்களுக்கும், கிரியைகளைச் செய்வித்த குருக்கள் ஐயாவுக்கும், சமைத்துக்கொண்டு வந்த பிராண்டே வீடுகள் அத்தனைக்கும் நன்றி. தள்ளாத வயதில் ஊன்றுகோலோடு வந்து, வாய்க்கரிசி போடவேண்டும் என்று வரிசையில் நின்ற பவுல் அண்ணைக்கு நன்றி. எதிர்த்த காலத்திலும் முதுகுக்குப் பின்னால் கதைக்காமல் முகத்துக்கு நேரே கதைத்த சித்தப்பாவுக்கும், வாயில்லை என்று சொல்லத் துணிந்த அப்பாவுக்கும் தனியாக நன்றி.

இத்தகைய மலர்களில், எவரையாவது தவறுதலாக விட்டிருந்தால் மன்னிக்கவும் என்று முடிப்பது வழக்கம். நான் அப்படி முடிக்கவில்லை. எங்கள் விண்ணப்பத்தைக் கிடப்பில் போட்டவர்களையும், அம்மாவை ஊர்ஊராகத் தூற்றியவர்களையும் தெரிந்துதான் விட்டிருக்கிறேன். கோபமென்றால் நேரே வீட்டுக்கு வந்து கேளுங்கள். சத்தம் போட்டும் கேட்கலாம். சத்தத்துக்குப் பயப்படாத பிள்ளையாகத்தான் என்னை அம்மா விட்டுப் போயிருக்கிறார்.

மகள்