ஸ்கொட்லாந்துக்காரனுக்குத் திவசம்

எங்கட தமிழ்ப் பள்ளிக்கூட மலரிலை "நம்மவர்" எண்டு ஒரு பக்கம் போடுகினம். இந்த முறை என்ரை மனுசனைப் பற்றி எழுதித் தாங்கோ எண்டு மலர் வேலை பாக்கிற கமலினி வந்து கேட்டாள். "அண்ணையைப் பற்றி உங்களை விட வேற ஆருக்கு அக்கா தெரியும்" எண்டாள். அதைக் கேட்டதும் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. என்னை விட அவரைத் தெரிஞ்ச ஒருத்தன் இருக்கிறான். அவன் செத்து நூற்றிமுப்பது வருசம்.

ஆள் ஸ்கொட்லாந்து நாட்டு எழுத்தாளன். கடல், கப்பல், புதையல் எண்டு சாகசக் கதை எழுதினவன், கவிதையும் எழுதினவன். உலகமெல்லாம் தெரிஞ்ச பேர்தான், ஆனா நான் எழுதமாட்டன். சக்களத்தியின்ரை பேரை ஆரும் தன்ரை கையாலை எழுதுவினமோ. சக்களத்தி எண்டா பொம்பிளையாத்தான் இருக்கவேணும் எண்டு ஒரு சட்டமும் இல்லை.

நானும் மகள் தாரகாவும் மெல்பேர்ணுக்கு வந்து இறங்கினது போன ஒக்ரோபரிலை. பதின்மூண்டு வருசத்துக்குப் பிறகு புருசனைப் பாக்கிறன். எயார்போட்டிலை தலை நரைச்சு, தொந்தி வைச்சு, ஒரு பூங்கொத்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்டார். கடையிலை சுத்தின பொலித்தீனைக் கூடக் கழட்டேல்லை. "அரைநாள்தான் லீவு எடுத்தனான்" எண்டு சொல்லி எங்களை டண்டினொங் வீட்டிலை இறக்கிப்போட்டு, சோறு இஞ்சை, கறி அங்கை எண்டு காட்டிப்போட்டு வேலைக்குப் போட்டார். நான் குளிச்சுப்போட்டுச் சாமித்தட்டடிக்கு வந்தன். பக்கத்துச் சுவரிலை மாமாவின்ரை படம், அவர் எப்பவோ மோசம் போனவர். மாமாவுக்குப் பக்கத்திலை இன்னொரு படம். ஒல்லியான வெள்ளைக்காரன், நீளத் தலைமயிர், தொங்கு மீசை. அதுக்கும் மாலை போட்டுக் கிடந்தது. ஆரோ வேலைத்தலத்து முதலாளி செத்துப்போனார் போல எண்டு நினைச்சு ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் விளக்குக் கொளுத்தினனான். பின்னேரம் மனுசன் வந்து சொல்லத்தான் ஆள் ஆரெண்டு தெரிஞ்சது. அண்டைக்குத் தொடங்கினது இந்த எரிச்சல்.

சரி, எங்கட ஆளைப் பற்றிச் சொல்லுறன். பேர் தவம். பரந்தனிலை றக்ரர் திருத்தினவர். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எது பழுதெண்டு சொல்லுவார். சண்டை முடிஞ்ச பிறகு விசாரணை எண்டு அவரை ரெண்டு தரம் கொண்டு போனாங்கள். மூண்டாந்தரம் வர முதல் வெளிக்கிட்டுவிடுவம் எண்டு முடிவெடுத்தம். கடற்கரைக்குப் போனாலும் காலிலை தண்ணி படாம நிக்கிற மனுசன், பதினெட்டு நாள் போட்டிலை வந்து சேந்தவர். ஒஸ்ரேலியாக்காரர் பிடிச்சுக் கிறிஸ்மஸ் தீவு முகாமிலை வைச்சிருந்தாங்கள். அங்கை புத்தகம் கொண்டு வாற தள்ளுவண்டிலிலை அவன்ரை கடல்கதை ஒண்டு கிடந்ததாம், சின்னப்பிள்ளையளுக்குச் சுருக்கி எழுதினது, அட்டையும் இல்லை. அகராதியை வைச்சு ஒவ்வொரு சொல்லா வாசிச்சு முடிக்க அஞ்சு மாசம். கடைசித் தாளிலை எழுதினவன்ரை வாழ்க்கையைப் போட்டிருந்தாங்களாம். அந்தத் தாளை இவர் பாடமாக்கினார்.

அதுக்குப் பிறகு டண்டினொங்கிலை ரயர் வெயார்ஹவுஸ் வேலை. நாளுக்கு எட்டு மணித்தியாலம் ரயர் அடுக்குறது, மிச்ச நேரம் லைபிரரியிலை அவன்ரை புத்தகம். ஒருக்கா வேலையிலை கூட நிக்கிற சதீசனையும் கூட்டிக்கொண்டு சிட்னிக்குக் கார் ஓடிப்போய், டூங்கபியிலை ஒரு சிநேகிதர் வீட்டிலை தங்கி, அவன் நடந்த தெருவெல்லாம் பாத்துக்கொண்டு வந்தவராம். நான் வந்து ரெண்டு மாசம், எனக்கு டண்டினொங் மார்க்கெற்றைத் தவிர ஒண்டும் காட்டேல்லை.

சாப்பாட்டு மேசையிலை இருந்தா அவன்ரை கதைதான். "தேப்பன், தேப்பன்ரை தேப்பன் எல்லாரும் வெளிச்சவீடு கட்டின ஆக்கள். இவருக்குச் சின்னனிலையிருந்து நெஞ்சுவருத்தம். கட்டிலிலை கிடந்து வளந்தவர். நான் வெளிச்சவீடு கட்டமாட்டன், எழுதப்போறன் எண்டு நிண்டவர். குளிர் ஒத்துவராதெண்டு நாடு நாடாத் திரிஞ்சு, கடைசியிலை பசிபிக் கடலிலை ஒரு தீவிலை வீடு கட்டினவர். சிட்னிக்கு வந்த நேரமெல்லாம் வருத்தம். ஊருக்குத் திரும்பேலாம, அந்தத் தீவிலை இருந்து ஊரைப் பற்றி எழுதிக்கொண்டிருந்து நாப்பத்திநாலு வயசிலை கண்ணை மூடினவர்." அப்பிடியே ஒரு பெருமூச்சு விட்டு, "ஊருக்குப் போகேலாத ஆள், என்னைப் போல" எண்டு முடிப்பார்.

"அவனுக்கு நெஞ்சுவருத்தம், உங்களுக்கு விசா" எண்டன். மனுசன் சிரிச்சார். நான் சிரிக்கேல்லை.

உண்மையைச் சொன்னா, அவனிலும் பாக்க அவன்ரை பெண்சாதியிலைதான் எனக்குக் கூட எரிச்சல். அவனிலும் பத்து வயசு மூத்தவவாம். கப்பலிலை ஏறினா அவவுக்குத் தலைச்சுத்தும் சத்தியும்தான். எண்டாலும் புருசன்ரை நெஞ்சுக்குக் கடல்காத்து நல்லதெண்டு கப்பல் கப்பலா ஏறினவவாம். "என்ன மனுசி" எண்டு இவர் சொல்லுவார். சொல்லேக்கை என்ரை முகத்தைப் பாக்கமாட்டார், சோத்தைத்தான் பாப்பார்.

ஏனெண்டா நான் இறங்கினவள்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு, நீர்கொழும்புக் கரை, நிலம் வெளிக்கிற நேரம். பெரிய போட்டுக்குக் கொண்டுபோக ஒரு சின்ன வள்ளம் நிண்டது. இவர் முன்னுக்கு ஏறிட்டார். நான் நாலு வயசுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னுக்கு ஏறி இருந்தன். டீசல் மணத்துக்கு எனக்குத் தலை சுத்துது, பிள்ளை என்ரை நெஞ்சிலை சத்தியெடுக்குது. என்ன நினைச்சன் எண்டு இண்டைக்கும் தெரியாது. முழங்காலளவு தண்ணியிலை இறங்கிக் கரைக்கு நடந்திட்டன். திரும்பிப் பாக்க வள்ளம் வெளிக்கிட்டிட்டுது. இவர் எழும்பி நிண்டு பாத்துக்கொண்டு போறார். கூப்பிடவும் இல்லை, கையைக் காட்டவும் இல்லை. அதுக்குப் பிறகுதான் என்ரை தோளிலை பை கிடக்கிறதைக் கண்டன். சத்திக்கு மணக்க வாங்கின தேசிக்காய், இவரின்ரை மாத்துச் சாரம், பிஸ்கற், எல்லாம் அதுக்குள்ளை.

பதின்மூண்டு வருசம் ரெலிபோனிலை கதைச்சம். மழை பெய்ததோ, பிள்ளை படிக்குதோ, மாமிக்குப் பிறசர் என்ன மாதிரி, எல்லாம் கதைச்சம். அந்த விடியப்புறத்தைப் பற்றி அவரும் கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை. அந்த வள்ளத்திலை நிண்டு என்னைப் பாக்கேக்கை என்னைப் பற்றி என்ன நினைச்சார்? இந்த ஒண்டைத் தெரிஞ்சுகொள்ளத்தான் எனக்கு வேணும். பிளேனிலை வரேக்கையும் அதுதான் யோசனை. வந்து பாத்தா, மனுசன் இன்னொருத்தன்ரை பெண்சாதி கப்பலேறின கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நவம்பர் கடைசியிலை வந்து, "டிசம்பர் மூண்டாம் திகதி அவரின்ரை திவசம். பத்துப் பன்ரண்டு பேர் வருவினம், இந்த முறை நீர் சமைப்பீர்தானே" எண்டார். எனக்கு விளங்கேல்லை. "ஆரின்ரை திவசம்?" எண்டன். படத்தைக் காட்டினார். பன்ரண்டாவது வருசமாம். முகாமிலை இருந்து வெளியிலை வந்த வருசம் தொடங்கினது, பருப்பும் சோறும் தானே அவிச்சு வைச்சுத் தொடங்கினவராம்.

"என்ரை அப்பாவின்ரை திவசத்துக்கு ஒருக்கா ஒரு கோல் எடுத்தனீங்களோ" எண்டு கேட்டன். படத்து மாலையை நேராக்கினார். "எத்தினை மணிக்கு வேலையாலை வருவியள்?" எண்டன். "அண்டைக்கு முழுநாள் லீவு எடுத்திட்டன்" எண்டார். நான் வந்த அண்டைக்கு அரைநாள், செத்தவனுக்கு முழுநாள். கையிலை இருந்த அகப்பையை வைச்சிட்டு அறைக்குள்ளை போயிட்டன்.

ஆனாச் சமைச்சன். நாலு பேர் வந்து, தவத்தின்ரை மனுசிக்குச் சமைக்கத் தெரியாதெண்டு சொல்லக்கூடாது. கத்தரிக்காய்ப் பால்கறி, பூசணிக்காய், பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், வடை, பாயாசம். வாழையிலை போட்டுப் படைச்சு முடிய, இவர் பிறிட்ஜைத் திறந்து ஒரு போத்தில் மயோனைஸைக் கொண்டு வந்து இலையிலை வடைக்குப் பக்கத்திலை ஒரு கரண்டி வைச்சார்.

"திவசத்துக்கு மச்சம் ஏலாது. உதிலை முட்டை கிடக்கு" எண்டன்.

"அவர் கடைசியாச் செய்த வேலை உதுதான். மனுசியும் அவருமாச் சேந்து, எண்ணெயைச் சொட்டுச் சொட்டா விட்டு இதை அடிச்சுக்கொண்டு நிக்கேக்கைதான் தலையைப் பிடிச்சுக்கொண்டு விழுந்தவர்."

அங்கையும் அந்த மனுசி. சாகேக்கையும் பக்கத்திலை நிண்டிருக்கிறா.

காகத்துக்கு வைச்ச சோத்தை ஒரு கடல்புறா வந்து கொத்தினது. "பாத்தீரோ, அவருக்கு உதுதான் பொருத்தம்" எண்டு இவருக்குச் சந்தோசம். சனமும் வரத் தொடங்கிச்சுது. சதீசன், அவன்ரை மனுசி கமலினி, மிச்சம் வெயார்ஹவுஸ் பெடியள். கமலினியை அண்டைக்குத்தான் முதல் காணுறன். குசினிக்குள்ளை வந்து என்ரை கையைப் பிடிச்சு, "நீங்கள்தானே அந்தத் தேசிக்காய்ப் பை கொண்டு போன அக்கா" எண்டாள்.

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு. என்னட்டை வாய் திறக்காத மனுசன் இதை டண்டினொங் முழுக்கச் சொல்லி வைச்சிருக்கிறார். வடையை எண்ணெய்க்குள்ளை போட்டன்.

சாப்பிட முதல் இவர் கதிரையிலை இருந்து அவன்ரை சரித்திரம் சொல்லவேணுமாம், அதுதான் வழக்கமாம். வெளிச்சவீடு, நெஞ்சுவருத்தம், தீவு, அந்தத் தீவுச் சனம் அவனைத் தோளிலை சுமந்து மலையுச்சியிலை கொண்டுபோய்த் தாட்டது. நல்லாத்தான் சொல்லுறார், அதுவும் எனக்கு எரிச்சல். எங்களைப் பற்றிக் கதைக்க எண்டா நாலு வசனம் சேந்தாப்போலை வராத வாய். பேந்து அந்த இடம் வந்தது. "அந்த மனுசிக்குக் கடல் ஒத்துவராது. எண்டாலும் ஏறினா."

"ஓம், அவ ஏறினவ. நான் இறங்கினனான்" எண்டன். பாயாசக் கோப்பையோட எல்லாருக்கும் நடுவிலை நிண்டுதான் சொன்னன். "இதைச் சொல்லத்தானே பன்ரண்டு வருசமாத் திவசம் குடுக்கிறியள். பையையும் கொண்டு போயிட்டன். எல்லாருக்கும் தெரியுமாம். என்னைத் திட்டுறதெண்டா என்னைத் திட்டுங்கோ, ஏன் உந்தச் செத்தவனைக் கூப்பிட்டுத் திட்டுறியள்."

இவர் கீழை பாத்துக்கொண்டிருந்தார். சதீசன்தான் மெல்ல வாயைத் திறந்தான்.

"அக்கா, அண்ணை இன்னும் முடிக்கேல்லை. வருசாவருசம் உதுக்குப் பிறகு ஒண்டு சொல்லுவார். பதினோராம் நாள் போட்டிலை குடிதண்ணி முடிஞ்சு, நாலு வயசுப் பிள்ளை ஒண்டு செத்தது. தேப்பனும் அண்ணையும்தான் துணியிலை சுத்திக் கடலிலை விட்டவை. அதைச் சொல்லிப்போட்டு, படத்திலை இருக்கிறவரின்ரை மனுசி ஏறினபடியால் அவர் இன்னும் கொஞ்சக்காலம் இருந்தார், என்ரை மனுசி இறங்கினபடியால் எனக்கு ஒரு மகள் இருக்கிறாள் எண்டு சொல்லுவார். அதுக்குப் பிறகுதான் நாங்கள் கை நனைக்கிறது."

தண்ணி வாத்துக்கொண்டிருந்த தாரகா செம்போட அப்பிடியே நிண்டாள்.

எனக்கு அழுகை வந்திருக்கவேணும். வரேல்லை. நான் சனத்தை எண்ணினன். பதினொரு பேர். அவ்வளவு பேரும் வருசாவருசம் வந்து, எனக்குச் சொல்லவேண்டிய வசனத்தைக் கேட்டு, வடை திண்டுபோட்டுப் போயிருக்கினம். நான் பரந்தனிலை இருந்து கூரையைப் பாத்துக்கொண்டு கிடந்திருக்கிறன். சுவரிலை இருக்கிற அந்தத் தொங்கு மீசைக்காரன் பன்ரண்டு தரம் கேட்டிருக்கிறான்.

சனம் போன பிறகு, பின்வளவிலை இவர் பெரிய சோத்துப் பானையைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் படியிலை போய் இருந்தன்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா நீர் அந்தப் பிள்ளையைப் பற்றிக் கேப்பீர். ரெலிபோனிலை அதைச் சொல்ல என்னாலை ஏலாது."

"நான் வந்து ரெண்டு மாசம்."

"ஓம்" எண்டார். "நீர்தான் இறங்கினதைப் பற்றிக் கதைக்க விரும்பேல்லை எண்டு நினைச்சன்."

"இப்ப கேக்கிறன். அந்தப் பிள்ளைக்கு என்ன பேர்?"

பைப்பைப் பூட்டினார். கையைச் சாரத்திலை துடைச்சுக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்திலை இருந்தார். பேரைச் சொன்னார். அது கடைசியா என்ன கேட்டதெண்டதையும் சொன்னார். அப்பத்தான் நான் அழுதன். அவரும் அழுதார். பானை பாதி கழுவினபடி கிடந்தது.

கண்ணைத் துடைச்சுப்போட்டுக் கேட்டன், "உந்தப் பேர் சதீசனுக்குத் தெரியுமோ?"

"இல்லை."

"உள்ளுக்குச் சுவரிலை இருக்கிறவனுக்கு?"

"ஒருத்தருக்கும் சொல்லேல்லை. உமக்குத்தான்."

இவ்வளவையும் கமலினி வாசிச்சுப்போட்டு, "அந்தப் பிள்ளையின்ரை பேரையும் போடுவமே அக்கா" எண்டாள். மாட்டன் எண்டிட்டன். அடுத்த வருசமும் சமைப்பன். அவனுக்கு மயோனைஸும் வைப்பன், படமும் மாமாவுக்குப் பக்கத்திலையே இருக்கட்டும். ஆனா என்ரை மனுசன் எனக்கெண்டு வைச்சிருந்து சொன்னது அந்த ஒரு பேர்தான். அது அவனுக்குக் கிடையாது, உங்களுக்கும் கிடையாது.