வெளிக்கிடேக்க என்ன சொன்னனீங்கள்?

அறையில் இருந்தவர்கள் இவர்கள்தான். மேசைக்கு அந்தப் பக்கம் குடியேற்ற அதிகாரி, ஒரு வெள்ளைக்கார அம்மா. இந்தப் பக்கம் என் மனைவி கலா. அவள் பக்கத்தில் நான். இன்னொருவர் மேசைமேல் இருந்த போனுக்குள் இருந்தார். மொழிபெயர்ப்பவர், யாழ்ப்பாணத்துக்காரர். முகம் தெரியாத ஆள் வழியாக என் கல்யாணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே அப்படித்தான்.

நான் தொப்பூர் கணவாயில் லாரி ஓட்டியவன். படிப்பு எட்டாவது. முதல் மனைவி இறந்து வருஷங்கள் ஆயிற்று. அமெரிக்காவில் இருக்கும் அக்காவுக்கு ஆபரேஷன் என்று விசிட்டர் விசாவில் வந்தேன். திரும்ப டிக்கெட்டும் போட்டிருந்தது. அக்காவைப் பார்க்க வந்து போனவள் கலா. கிருஷ்ணகிரிக்காரி, இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியவள், விவாகரத்து ஆனவள். பேசினோம். பிடித்தது. டிக்கெட் தேதிக்கு முன்பே கல்யாணத்தைப் பதிவு செய்து கிரீன் கார்டுக்கு மனுப் போட்டோம். முடிவு வரும்முன் நாட்டைத் தாண்டினால் மனு செத்துப்போகும் என்றார் வக்கீல். ஊரில் என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள், அதியமான்கோட்டையில் என் தம்பி வீட்டில் இருந்துகொண்டு.

வரும்போதே இங்கே தங்கிவிடும் எண்ணத்தில் வந்தேனா என்பதுதான் அதிகாரிக்குத் தெரிய வேண்டியது. ஆமாம் என்று பட்டால் மனு போச்சு.

"நீங்கள் வெளிக்கிடேக்க வீட்டில என்ன சொன்னனீங்கள்?" என்று போன் கேட்டது.

எங்கள் பக்கம் வெளிக்குப் போவது என்றால் கக்கூஸ் போவது. இந்த அம்மாவுக்கு அதெல்லாம் எதற்கு என்று தோன்றியது. கேட்டால் சொல்ல வேண்டியதுதானே.

"அதுக்கெல்லாம் யாருகிட்டயும் சொல்லிக்கிட்டுப் போறதில்லீங்க" என்றேன்.

கலா என் காலை மிதித்தாள். "ஏங்க, வூட்ட வுட்டுப் பொறப்படறப்ப என்ன சொன்னீங்கன்னு கேக்கறாருங்க."

போனுக்குள் சிரிப்புச் சத்தம்.

"பாப்பாகிட்ட சொன்னேனுங்க. போயிட்டு வர்றேன்னு."

அவர் அதை இங்கிலீஷில் சொன்னார். அதிகாரியின் முகம் இளகியது. திரும்பி வருவதாக மகளிடம் சொல்லிவிட்டு வந்தவன் என்று எழுதிக்கொண்டிருப்பார். எங்கள் ஊரில் கடைக்குப் போனாலும் அதைத்தான் சொல்வோம். ஆனாலும் நான் பொய் சொல்லவில்லை. போகத்தான் இருந்தேன். அந்தச் சொல் இங்கே எனக்கு நல்லதாயிற்று. அங்கே மகள் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னாள், "போயிட்டு வர்றேன்னு சொன்ன. அதுல பாதிதாம்ப்பா செஞ்சிருக்க." சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டேன்.

கடைசியாக அதிகாரி, குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்டார். கலா முந்திக்கொண்டு "டூ" என்றாள். வாடகை வீட்டில் அவளும் நானும்தான். அவள் சொன்னது சரி. புருஷன் பெண்டாட்டி இருவரும் ஒரே பதில் சொல்ல வேண்டும் என்று வக்கீல் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். அதிகாரி என் பக்கம் திரும்பினார். போன் அதே கேள்வியைத் தமிழில் கேட்டது. கலா என் கையைப் பிடித்தாள்.

"மூணுங்க."