தண்ணீர் டிரம்மில் அரை மணி நேரம்

மாமனார் விட்டுப்போன சிறிய படகின் மோட்டார், அவர் இறந்து இரண்டு வருடமாக, பாச்சாங்கில் இருக்கும் எங்கள் வீட்டின் பின்பக்கத்தில் சும்மா நின்றது. போன மாதம் என் கணவர் மகளிடம், ஞாயிற்றுக்கிழமை தாத்தா படகில் கடலுக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டார். அவளுக்கு ஆறு வயது. நீச்சல் தெரியாது.

நடுக்கடலில் மோட்டார் நின்றுவிட்டால்? எனக்கு அதே நினைப்பு. வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனை வைத்தேன். கடலில் போலவே அடிப்பகுதி முழுகும்படி மாட்டி, மோட்டார் தண்ணீர் டிரம்மில் அரை மணி நேரம் நிற்காமல் ஓட வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளை படகில் ஏறக் கூடாது.

"சரிலா. ஆனா மோட்டார கிளப்புற கயிற நீதான் இழுக்கணும்," என்றார். வேலையிடத்தில் பெட்டி தூக்கி அவருடைய தோளில் அடி. எதையும் வெட்டி இழுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை காலை அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, நான் செய்தேன். பெயிண்ட் போல நாறிய பழைய பெட்ரோலை வடித்தேன். புதுப் பிளக் மாட்டினேன். கார்புரேட்டரைக் கழற்றி மெல்லிய கம்பியால் துளைகளைக் குத்திச் சுத்தம் செய்தேன். ஒவ்வொரு திருகையும் கழற்றுமுன் கைப்பேசியில் படம் எடுத்தேன்.

"என்னம்மா, கல்யாண ஆல்பமா போடுற?" என்றார்.

பதினோராவது இழுப்பில் மோட்டார் புகை கக்கிக்கொண்டு ஓடியது. மகள் கைப்பேசியில் நேரம் பார்த்தாள். நான்காவது நிமிடம் நின்றுவிட்டது. மறுபடி இழுத்தேன், மறுபடியும் நான்கு நிமிடம். நான்தான் சரியாகச் சுத்தம் செய்யவில்லையோ என்று கார்புரேட்டரை இன்னொரு முறை பிரித்துப் போட்டேன். பலனில்லை. திங்கட்கிழமை தெங்கேராவில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோகலாம், நாளைக்குக் கரையோரமாகவே போய் வந்துவிடலாம் என்றார். நான் பயந்தது இதற்குத்தான்.

"இல்ல. இன்னிக்கே பாத்துடுவோம்."

பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க டாங்க் மூடியைத் திறந்தேன். உஸ் என்று காற்று உள்ளே போனது. மூடியை இறுக்காமல் வைத்துவிட்டு இழுத்தேன். முதல் இழுப்பிலேயே கிளம்பிய மோட்டார் பத்து நிமிடம் ஆகியும் நிற்கவில்லை. அப்படியானால் கோளாறு மூடியில்.

பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர, மூடியின் நடுவில் ஒரு சிறு துளை உண்டு. அது மஞ்சளாக இறுகி அடைத்திருந்தது. முகர்ந்து பார்த்தேன். சந்தனம்.

ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் மோட்டார் சைக்கிள், கேஸ் அடுப்பு, மகளின் பள்ளிப்பை எல்லாவற்றுக்கும் வைப்பதுபோல் இதற்கும் பொட்டு வைத்திருந்தேன். மூடி பார்க்க நெற்றி மாதிரி இருக்கும். ஒரு குறையும் வரக் கூடாதென்று அப்பிய சந்தனம்.

யாருக்கும் தெரியாமல் சுரண்டிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு மூடியை அவரிடமே நீட்டினேன். முகர்ந்தார்.

"அப்பா மோட்டாருக்கு மூச்சு முட்ட வச்சிட்டியேமா," என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தாலிக்கொடியிலிருந்து ஊக்கைக் கழற்றித் துளையைச் சுரண்டினேன். வாயில் பெட்ரோல் கசக்கக் கசக்க, காற்று மறுபக்கம் வரும்வரை ஊதினேன்.

மூடியை இறுக்கி மறுபடி ஓடவிட்டோம். மகள் ஒவ்வொரு நிமிடமாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். இருபத்தெட்டில், நின்றுவிடக் கூடாதா என்று நினைத்தேன், அதை மறைப்பானேன். நிற்கவில்லை. முப்பது ஆனதும் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே காட்டினாள்.

நிபந்தனை வைத்தவள் நான். மாற்றிப் பேச முடியாது. ஒன்று மட்டும் கேட்டேன்.

"கடல்ல நின்னுட்டா கயிற யாரு இழுப்பா?"

அவர் தன் தோளைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மிதவைச் சட்டைகளோடு போனோம். எனக்கும் நீச்சல் தெரியாது. ஏறுமுன் மகள் குங்குமச் சிமிழை நீட்டினாள். துளை ஏதும் இல்லையென்று இரண்டு முறை தடவிப் பார்த்து, மோட்டாரின் பக்கவாட்டில் சின்னதாக ஒரு பொட்டு வைத்தேன். பிறகு கயிற்றைப் பிடித்தேன்.