பிரித்துப் பார்த்த இன்ஜின்

கணவனின் சிறுநீரகம் கைவிட்ட பிறகு மினி வேனின் ஸ்டியரிங் அவள் கைக்கு வந்தது. வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுவாள். டயாலிசிஸ் நாட்களில் அதே வேனில் அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவாள். அந்த வேனின் இன்ஜின் ஒருநாள் நடுவழியில் ஜாம் ஆகி, ஒரேயடியாக நின்றுவிட்டது.

மாற்றுவதற்குப் பழைய இன்ஜின் ஒன்று கிடைத்தது. விபத்தில் நொறுங்கிய வேறொரு வேனிலிருந்து கழற்றியது. பட்டறைக்காரனை எல்லோரும் ஆமை என்பார்கள். சொன்ன தேதியில் அவனிடம் வண்டி வாங்கியவர் எவருமில்லை. இன்ஜினைத் தரையில் வைத்தே பேட்டரி கொடுத்து ஓட்டிக் காட்டினான். புகையில்லை, சத்தமும் சீராக இருந்தது. இப்படியே மாட்டினால் ரெண்டு நாளில் வேனை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் உள்ளே எப்படியிருக்கிறதென்று தனக்குத் தெரியாது, பிரித்து வேலை பார்ப்பதென்றால் மாதக்கணக்கில் இழுக்கும் என்றான். மாட்டிவிடச் சொல்லிவிட்டு அவள் வீட்டுக்கு வந்தாள்.

கட்டிலில் வீங்கிய கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்த கணவன் ஒப்புக்கொள்ளவில்லை.

"பிரிக்கச் சொல்லு. பிரிக்காம மாட்டுறது கண்ணைக் கட்டிக்கிட்டு ஓட்டுற மாதிரி."

"அதுவரைக்கும் உங்களை எப்படிக் கூட்டிட்டுப் போறது? பஸ்ஸுல உங்களால நிக்க முடியுமா?"

"நான் இன்னும் எத்தனை நாளைக்கு? எனக்கப்புறமும் நீதானே அதை ஓட்டணும்."

அன்று முழுவதும் அவள் அவனோடு பேசவில்லை, பாத்திரங்கள்தான் பேசின. மறுநாள் அவள் வாடகை டெம்போவில் கேன் போடப் போன நேரத்தில், அவனே ஆமைக்குப் போன் போட்டு இன்ஜினைப் பிரிக்கச் சொல்லிவிட்டான்.

பிரித்ததும் ஆமை அவளை வரவழைத்து, செம்பு நிறம் தெரியத் தேய்ந்திருந்த பேரிங்கைக் காட்டினான். ஒரு போல்ட்டில் விரிசலும் இருந்தது. "இப்படியே மாட்டியிருந்தா கொஞ்ச நாள்தான் ஓடியிருக்கும்க்கா. அப்புறம் மொத்தமா போயிருக்கும்." வீட்டுக்கு வந்து அவள் அதைச் சொன்னதும் கணவன் குழந்தைபோல மகிழ்ந்தான். எந்த பேரிங் என்று திரும்பத் திரும்பக் கேட்டான்.

கேன் போட்டதும் டெம்போவைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், ஒவ்வொரு முறையும் ஆட்டோவுக்குக் கொடுக்கக் காசில்லை. பிறகு பஸ்தான். டயாலிசிஸ் ஊசி போடும் கையை யாரும் இடித்துவிடாதபடி மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பான். திரும்பி வரும்போது கால் பின்னும். ஒருமுறை குடித்திருக்கிறான் என்று நினைத்துக் கண்டக்டர் இறங்கச் சொன்னார். அதன்பிறகு, இன்று வேண்டாம், நாளைக்குப் போகலாம் என்று அவன் தள்ளிப்போட ஆரம்பித்தான். அவள் கெஞ்சினாள், சண்டை போட்டாள். ஒரு காலையில் அவனுக்கு மூச்சு வாங்கியது. ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலை எட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அடக்கம் ஆன சில நாளில் ஆமை வேனைக் கொண்டுவந்தான். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் சாவியை நீட்டினான்.

"பிரிக்காமலே மாட்டியிருந்தா, கொஞ்ச நாளாவது அவரை இதுல கூட்டிட்டுப் போயிருப்பேன்ல?" என்று கேட்டாள்.

அவன் தரையைப் பார்த்தான். "போயிருப்பீங்கக்கா."

வண்டி இன்றுவரை ஒரு குறையும் வைத்ததில்லை. சாகும்போதும் உனக்கு ஒரு வழி பண்ணிவிட்டுத்தானே போயிருக்கிறான் என்று அக்கம்பக்கத்தார் சொல்வார்கள். அவளும் தலையாட்டுவாள். வேனில் தனியாகப் போகும்போது மட்டும், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, வாய்க்கு வந்தபடி அவனைத் திட்டிக்கொண்டே ஓட்டுவாள்.