அரை மாத்திரை, முழுப் பயம்

முதல் முறை அது வந்தபோது நான் வேலையில் இருந்தேன். கணபதி பகுதியில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவைப் பார்த்துக்கொள்பவன் நான். ஓடும் மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்து அதிர்வு பார்ப்பது எங்கள் வழக்கம். அன்று தொண்டைக்குழி வரை அதிர்ந்தது. பேரிங் போய்விட்டது என்று நினைத்து சுவிட்சை அணைத்தேன். மோட்டார் நின்றது. அதிர்வு நிற்கவில்லை.

நிமிடத்துக்கு நூற்றுத் தொண்ணூறு துடிப்பு என்றார்கள் அவசரப் பிரிவில். எஸ்.வி.டி. (இதயத்துக்குள் ஓடும் மின்சாரம் தவறான வழியில் சுற்றிச் சுற்றி வருவதால் திடீரென எகிறும் துடிப்பு) என்று பெயரும் சொன்னார்கள். மின்சாரம் என்றதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. ஒயரிங் கோளாறுதானே, நமக்குத் தெரியாததா என்று இருந்தேன்.

அப்லேஷன் (தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பியை இதயத்துக்குள் செலுத்தி, அந்தத் தவறான பாதையைச் சுட்டு அடைப்பது) செய்தார்கள். மறுநாளே வீட்டுக்கு வந்தேன்; முதலிலிருந்து போட்டுவந்த மாத்திரை மட்டும் தொடர்ந்தது. அதுவரை பெரிய பயம் இல்லை. பயம் குணமான பிறகுதான் வந்தது. அது பற்றி எனக்கு யாரும் விவரமாகச் சொல்லியிருக்கவில்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

என் டாக்டர் என்னைவிடப் பத்து வயது இளையவர். அடுத்த பரிசோதனையில் அவர் சொன்னார்: "கோளாறு சரியாயிருச்சுங்க. இனி இந்த பீட்டா பிளாக்கர் வேண்டாம். ஆனா ஒரேயடியா நிறுத்தக் கூடாது, படிப்படியாக் கொறைக்கோணும். கொஞ்ச நாளைக்குப் படபடப்பு இருக்கும். பயந்துக்காதீங்க."

பீட்டா பிளாக்கர் (துடிப்பின் வேகத்தைத் தணிக்கும் மாத்திரை) இல்லாமல் என் இதயம் ஒழுங்காக ஓடும் என்பதை நான் நம்பவில்லை. சுட்ட பாதை மறுபடி திறந்துகொண்டால்? பாலத்தின் மேல் வண்டி ஓட்டும்போது திறந்துகொண்டால்? மாத்திரையை பிளேடால் இரண்டாக வெட்டி, மீதிப் பாதியைப் பத்திரமாக எடுத்து வைத்தேன்.

எங்கள் பிரிவில் ஒரு முறை உண்டு. செப்புக் கம்பிக் காயில் சுற்றி வந்த மோட்டாரை ஓடவிட்டு, கால் மணிக்கு ஒரு தடவை அளவுகளை ரிப்போர்ட்டில் எழுத வேண்டும். மீட்டர் ஊசி ஆடினால் மோட்டாரைத் திருப்பி அனுப்பிவிடுவோம். அதே முறையை என் மேல் போட்டேன். விரலில் மாட்டும் துடிப்புமானி ஒன்றை வாங்கி, நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டு, கால் மணிக்கு ஒரு தடவை எழுதினேன்.

"ஏனுங்க, அதக் கொஞ்சம் கழட்டி வெச்சுப்போட்டுச் சோறு உண்ணுங்க" என்பாள் என் மனைவி சுமதி. விரலில் கிளிப்போடு ரசம் பிசைகிற ஆளிடம் வேறென்ன சொல்வாள்?

எண்பத்திரண்டு என்று காட்டும். நெஞ்சு இறுகும். இறுகியதும் தொண்ணூற்றாறு ஆகும். அதைப் பார்த்து இன்னும் ஏறும். அந்த நேரத்தில், கழித்து வைத்த பாதி மாத்திரையை யாருக்கும் தெரியாமல் வாயில் போட்டுக்கொள்வேன். பத்து நிமிடத்தில் அடங்கிவிடும். ஏறின எண்களை நோட்டில் எழுதவில்லை; அடங்கிய பிறகு வந்ததை மட்டும் எழுதினேன். இருபது வருட வேலையில் நான் பொய்யாக எழுதிய ஒரே டெஸ்ட் ரிப்போர்ட் அதுதான்.

ஒரு மாதம் கழித்து அந்த நோட்டைப் பெருமையாக டாக்டரிடம் நீட்டினேன். எல்லா வரியிலும் அறுபத்து நாலு, அறுபத்தைந்து. அவர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"இவ்வளவு நேரா வராதுங்களே. மாத்திரையக் கொறைச்சீங்களா?"

நான் வாய் திறப்பதற்குள் சுமதி சொன்னாள்: "அட்டை எப்பவும் போலத்தானுங்க காலியாகுது."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். டாக்டர் திட்டவில்லை. மாத்திரை போட்டு எவ்வளவு நேரத்தில் அடங்கியது என்று மட்டும் கேட்டார். பத்து நிமிடம் என்றேன்.

"அது வேலை செய்யவே ஒரு மணி நேரம் ஆகுங்க. உங்க ஒடம்பு தானா அடங்கியிருக்குது."

பிறகு என்னைப் படுக்கவைத்து மானிட்டரில் இணைத்தார். திரையை என் பக்கம் திருப்பி, மூச்சை நன்றாக உள்ளே இழுக்கச் சொன்னார். எழுபது, எழுபத்து நாலு, எழுபத்தெட்டு என்று ஏறியது. மெல்ல விட்டேன். அறுபத்தாறுக்கு இறங்கியது.

"மோட்டார்ல ஊசி ஆடக் கூடாது. இதயத்துல ஆடோணுங்க. ஆடாமப் போனாத்தான் எங்களுக்குக் கவலை."

இருபது தோப்புக்கரணம் போடச் சொன்னார். நூற்றுப் பதினெட்டு. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "இப்பச் சும்மா பாருங்க" என்றார். நூற்றுப் பத்து. நூற்று மூன்று. தொண்ணூற்றேழு. யாரும் எந்த சுவிட்சையும் தொடவில்லை. நான் பிறந்ததிலிருந்து, ஒவ்வொரு படி ஏறும்போதும், ஒவ்வொரு மூச்சிலும் இது ஏறியும் இறங்கியும் தன் வேலையைச் செய்திருக்கிறது. என்னை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. நாலாயிரம் மோட்டாராவது பார்த்திருப்பேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். துடிப்புமானியும் மாத்திரை அட்டையும் சுமதியின் பீரோவுக்குப் போயின. படபடப்பு வராமல் இல்லை. ஒரு நாள் கம்பெனிக் கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஆனால் பத்து நிமிடம் பொறுக்கக் கற்றுக்கொண்டேன். இதைப் படிக்கும் நீங்களும் இதே நிலையில் இருந்தால், மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள், நீங்களாகக் கூட்டவும் செய்யாதீர்கள். மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வெறும் பயம் வந்தால் அதை உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். பயத்தை மறைத்ததில்தான் எனக்கு ஒரு மாதம் வீணானது.

மாத்திரையை முழுதாக நிறுத்திய பிறகு வந்த ஞாயிறு, தொண்டாமுத்தூரில் சுமதியின் தம்பி குமரேசனின் தோட்டத்து வீட்டில் இருந்தோம். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. முகம் கழுவத் தொட்டிப் பக்கம் போனேன். தென்னைகளுக்கு நடுவே ஒரு யானை நின்றது.

முப்பதடி இருக்கும். மேலெல்லாம் காய்ந்த செம்மண். என் நெஞ்சு இடித்த இடியில் காது அடைத்தது. பின்னாலிருந்து குமரேசன் மெதுவாகச் சொன்னான்: "மாமா, அசையாதீங்க. அது பாட்டுக்குப் போயிரும்."

அசையவில்லை. யானை ஒரு வாழையைச் சாய்த்து, தண்டைக் காலால் மிதித்துப் பிளந்து, நிதானமாகத் தின்றது. அது மூச்சு விடுவது கேட்டது. கண் இமையில் நீளமான முடிகள் இருந்தன. இவ்வளவு பெரிய உடம்புக்குள்ளும் ஒரு இதயம் என்று நினைத்தேன். பிறகு எதுவும் நினைக்கவில்லை. அது திரும்பி மலைப் பக்கம் நடந்து, மரங்களுக்குள் மறைந்தது.

குமரேசன் கூப்பிட்டதும் சுமதி வெளியே ஓடி வந்தாள். சாய்ந்து கிடந்த வாழையைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"யானை எவ்வளவு நேரமுங்க நின்னுச்சு?"

"தெரியலை அம்மணி" என்றேன். "நான் பாத்துட்டே நின்னுட்டேன்."