வளைகாப்பு நாளில் கொட்டிய காவேரித் தண்ணீர்

போன வருடம் மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெங்களூரு நீலசந்திராவில் நாங்கள் குடியிருக்கும் வீட்டில் என் தங்கைக்கு வளைகாப்பு வைத்திருந்தோம். எங்களுக்கு அம்மா இல்லை. அக்காவான நான்தான் முன்னால் நின்று எல்லாவற்றையும் செய்தாக வேண்டும். தங்கையைக் கட்டிக் கொடுத்தது கோலார் தங்கவயலில். அவள் மாமியார் வீட்டார் அங்கிருந்து ரயிலில் வருகிறார்கள். “அம்மா இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா” என்ற பேச்சு ஒருவர் வாயிலிருந்தும் வந்துவிடக் கூடாது. எனக்கு இருந்த கவலை அது ஒன்றுதான்.

எங்கள் வீட்டில் டிரம்மை உள்ளே வைத்தால் நாங்கள் வெளியே படுக்க வேண்டும். அவ்வளவு பெரிய வீடு! அதனால் குடிதண்ணீர் எப்போதும் வாசல் சுவரோரம் வெயிலில்தான் நிற்கும். குழாயில் காவேரி ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும் என்பதால் பிடித்து வைக்காமல் முடியாது. தள்ளுவண்டியில் ஆசைப்பட்டு வாங்கிய ரோஜா நிற டிரம் ஒரு கோடையைத் தாண்டுவதற்குள் அப்பளம் மாதிரி நொறுங்கியது. அடுத்து வாங்கிய வெள்ளை டிரம்மில் வெளிச்சம் உள்ளே புகுந்து பாசி படர்ந்தது. மீன் விடாததுதான் குறை. அதுவும் வளைகாப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது அடியில் விரிசல் விட்டது.

என் வீட்டுக்காரருக்கு பீன்யா தொழிற்பேட்டையில் வேலை. அவர் கம்பெனியில் ஆயுத பூஜைக்கு இயந்திரங்களையெல்லாம் துடைத்துப் பொட்டு வைத்து, பொரியும் ஸ்வீட்டும் கொடுப்பார்கள். கூடவே, காலியான டிரம்களையும் வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் பெரிய போட்டியே நடக்கும். இவர் எப்படியோ முண்டியடித்து இரண்டு நீல டிரம்களை லக்கேஜ் ஆட்டோவில் ஏற்றி, மாப்பிள்ளை அழைப்பு மாதிரி கூட்டிக்கொண்டு வந்திருந்தார். “இது மேல லாரி ஏறுனாலும் ஒண்ணும் ஆவாது, பாரு” என்று தட்டித் தட்டிக் காட்டினார். உள்ளே முன்பு என்ன இருந்தது என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மாடிப்படிக்குக் கீழே கவிழ்த்து வைத்திருந்த அந்த இரண்டையும்தான் விசேஷத்துக்கு வெளியே எடுத்தோம். சோப்பு போட்டு, புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, அன்று காலை குளிரில் காவேரி வந்ததும் தளும்பத் தளும்பப் பிடித்து மூடி வைத்தோம்.

தங்கைக்கு அந்த மாதங்களில் எதைப் பார்த்தாலும் நாற்றம். தாளிப்பு நாறும், சோப்பு நாறும், அவள் புருஷன் தலைக்குத் தடவும் எண்ணெய் நாறும். நாங்கள் அதைச் சொல்லியே அவளைக் கேலி செய்வோம். அன்று பட்டுப்புடவை கட்டி உட்கார்ந்தவள் தண்ணீர் கேட்டாள். டிரம்மிலிருந்து முதல் டம்ளர் அவளுக்குத்தான். உதடு வரை கொண்டுபோய்க் கீழே வைத்துவிட்டாள்.

“அக்கா, தண்ணி நாறுதுக்கா. பெட்ரோல் பங்க்ல நிக்கற மாதிரி இருக்குது.”

“உனக்கு எதுதான்டி நாறல? கண்ண மூடிக்கினு குடி” என்றேன். நானும் முகர்ந்து பார்த்தேன். என் கையில் இருந்த சந்தன வாசனைதான் வந்தது. அவளோ கண்ணில் தண்ணீர் வர, மாட்டேன் என்று தலையை ஆட்டுகிறாள். சரி, ஒன்றுமில்லை என்று காட்டிவிடலாம் என வாசலுக்குப் போய் மூடியைத் திறந்தேன். காலையிலிருந்து வெயிலில் காய்ந்த டிரம். குப்பென்று ஒரு வார்னிஷ் நெடி மூக்கில் ஏறியது. என் வீட்டுக்காரர் ஓடி வந்து முகர்ந்து பார்த்தார். முகம் செத்துவிட்டது. “பெயிண்ட்ல கலக்கற தின்னர் மாதிரி இருக்குதே” என்றார். பிளாஸ்டிக்கில் ஊறிப் போயிருந்த வாடை குளிரில் அடங்கிக் கிடந்து, வெயில் ஏறியதும் வெளியே வந்திருக்கிறது. நல்லவேளை, சமையல் வெளியில் சொல்லியிருந்தோம்.

இரண்டு டிரம்களையும் அங்கேயே சாய்த்துவிட்டோம். எங்கள் தெருவில் காவேரி சாக்கடைக்கு ஓடினால் சும்மா இருப்பார்களா? கதவுகள் படபடவென்று திறந்தன. முதலில் வந்தவர் எதிர் வீட்டு அக்கா. வீட்டில் உருது பேசுகிறவர். குழாயடியில் அவர் குரலுக்கு எதிர்க்குரல் கிடையாது.

“அரே, பைத்தியம் புடிச்சிடுச்சா உனக்கு? காவேரிய யாராச்சும் மோரியில ஊத்துவாங்களா?”

நான் அழுதுவிட்டேன். அவர் குனிந்து டிரம்மை முகர்ந்தார். உள்ளே இருக்கும் தங்கையின் வயிற்றைப் பார்த்தார். விறுவிறுவென்று திரும்பிப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் கேன் தண்ணீர்க் கடைக்கு ஓடினார். கடை பூட்டியிருந்தது. சொந்தக்காரர்கள் ரயிலை விட்டு இறங்கிவிட்டோம் என்று போன் செய்கிறார்கள். இனி என்ன செய்வது என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தபோது, இடுப்பில் ஒன்று கையில் ஒன்று என்று இரண்டு குடங்களோடு எதிர் வீட்டு அக்கா வந்து நின்றார்.

“இத வெச்சிக்கோ, இன்னும் வருது. நீ போய் வளையல் தட்ட எடு.”

எங்கள் தெருவில் சர்க்கரை கொடுப்பார்கள், காப்பித்தூள் கொடுப்பார்கள். காவேரித் தண்ணீரை யாரும் கேட்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். அன்றைக்கோ பச்சை, ஆரஞ்சு, ஊதா என்று வீட்டுக்கு வீடு குடம் வந்தது. ஒவ்வொன்றின் கழுத்திலும் அவரவர் வீட்டு அடையாளமாக நெயில் பாலிஷ் கோடு. கொண்டு வந்தவர்கள் சுவரோரம் நிழல் பார்த்து வரிசையாக வைத்தார்கள். வைத்துவிட்டு யாரும் போகவில்லை, விசேஷத்துக்கு உட்கார்ந்துவிட்டார்கள்.

தங்கையின் மாமியார் வாசலுக்கு வந்ததும் அந்த வரிசையைப் பார்த்து அசந்து நின்றார். “வளகாப்புக்குக் கொடம் வரிச வெக்கறது உங்க பக்கத்துப் பழக்கமாம்மா? ரொம்ப நல்லாக்கீதே!”

“ஆமாங்க அத்த, எங்க தெருவுல இப்படித்தான்” என்று நான் வாய் கூசாமல் சொன்னேன். எதிர் வீட்டு அக்கா துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார். அந்த அம்மாள் அதோடு விட்டாரா? குங்குமச் சிமிழை வாங்கி, பயபக்தியோடு குடத்துக்குக் குடம் பொட்டு வைத்துக்கொண்டே போனார். தெருப் பெண்கள் சிரிப்பை அடக்க முடியாமல் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியாமலே அவரும் சேர்ந்து சிரித்தார். தங்கை அந்தத் தண்ணீரை இரண்டு டம்ளர் குடித்து, “இது நாறல” என்று சான்றிதழும் கொடுத்தாள்.

நீல டிரம்களைத் தலைமுழுகிவிட்டோம். இப்போது புதிதாக, குடிதண்ணீருக்கென்றே செய்தது என்று கேட்டு வாங்கிய, வெளிச்சம் புகாத கெட்டி டிரம் ஒன்றுதான் இருக்கிறது. தகரக் கூரை நிழலில், செங்கல் மேல் நிற்கிறது. தங்கைக்கு நல்லபடியாகப் பெண் குழந்தை பிறந்தது.

அன்றைக்கு, இது அம்மா இல்லாத வீடு என்று வந்தவர்கள் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லை என்பதைத்தான் என்னால் இன்றுவரை நம்ப முடியவில்லை.