பயத்துக்கு வேறு பெயர்

சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்து ரயில் நிலையத்துக்குப் போகும் மேம்பாலத்தின் முதல் படியில், என் கைக்கடிகாரத்தைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார் என் நண்பர் விரிவுரையாளர். நாடித்துடிப்பைக் காட்டும் கடிகாரம் அது. இதய அறுவைக்குப் பிறகு மனைவியின் முகத்தைவிட அதைத்தான் அதிகம் பார்த்தேன்.

துவாஸ் தொழிற்சாலைகளில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவன் நான். ஆபத்து இருந்தால் பயம் வரும், பயம் வந்தால் விலகிவிட வேண்டும். நான் அறிந்த நடைமுறை அதுதான். தாராளமாகப் படியேறலாம் என்று மருத்துவர் சொல்லியும், நெஞ்சு அடிக்கத் தொடங்கியதும் திரும்பிவிடுவேன். முதலில் மேம்பாலம், பிறகு சந்தை, பிறகு வீட்டு வாசல் என்று தடைசெய்யப்பட்ட பகுதிகள் பெருகின. வீட்டுக்குள் ஒரு விபத்தும் நடக்கவில்லை. பணிக்காலத்தில் எனக்குக் கிடைக்காத சாதனை.

விரிவுரையாளர், இதய நோயாளிகளுக்கான உடற்பயிற்சி வகுப்பில் என்னோடு இருந்தவர். யாழ்ப்பாண வழியினர், உளவியல் கற்பித்தவர். நெஞ்சுக்கு அடிக்க மட்டும்தான் தெரியும், அந்தத் துடிப்புக்குப் பயம் என்றோ ஆவல் என்றோ பெயர் வைப்பது நாம்தான் என்று ஒரு கொள்கை உண்டு என்பார். அதை மறுக்கும் கொள்கைகளும் உண்டு என்று நேர்மையாகச் சேர்த்துக்கொள்வார். இவற்றில் எது நடப்பில் உள்ள சுற்றறிக்கை என்று கேட்டேன். அவர் அசரவில்லை. பயம் பின்னால் தள்ளுமே தவிர, போக வேண்டிய இடத்தைச் சொல்லாது என்றார். உமக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டார். வேண்டுமென்றே, எங்கள் வகுப்பில் விலக்கச் சொன்ன ரேஸ்கோர்ஸ் சாலை மீன்தலைக் கறி என்றேன்.

"ரெண்டு கரண்டிதான். மிச்சம் உம்முடைய மனுசிக்கு" என்று ஒப்புக்கொண்டார்.

அந்தக் கறிக்குப் புறப்பட்ட அன்று, பாலத்தின் உச்சியில் நெஞ்சு பலமாக அடித்தது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, திரும்பிவிடலாம் என்றேன். அவருக்கும் மூச்சு வாங்கியது.

"எனக்கும் அடிக்குது ஐசே. எனக்கு இது மீன்தலை. உமக்கு என்ன?"

சிரித்துவிட்டேன். துடிப்பு குறையவில்லை, கால்கள் மட்டும் மறுபக்கம் இறங்கின. கறியில் உப்பு அதிகம் என்று அவர் குறைப்பட்டார். எனக்கு அப்படித் தெரியவில்லை.

அதன்பின் நான் போய்வந்த இடமெல்லாம், பேத்தியின் பள்ளி விழாவும் பாசிர் ரிஸ் கடற்கரையும் உட்பட, அவர் கொடுத்தவை. இந்த ஆண்டு மண்டாய் தகனச்சாலையில் அவரை வழியனுப்பினோம். அங்கே படியேறும்போது நெஞ்சு அதே வேகத்தில் அடித்தது. நான் நிற்கவில்லை. எதற்காக அடிக்கிறது என்று தெரிந்திருந்தது.